மூன்று தரம் கேட்காத ஊர்

1

இந்தச் சீமைக்கு வந்து நேற்றோடு இரண்டு வருஷம் முடிந்தது. எனக்கு அது நினைவில்லை. ரேஷன் ஆபீசில் நினைவுபடுத்தினார்கள். புது ரேஷன் புத்தகம் வாங்க, பள்ளிக்கூடத்து ஆபீசில் பூர்த்தி செய்து கொடுத்த காகிதத்தோடு போயிருந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் அதை உரக்கப் படித்துச் சரிபார்த்தாள். பெயர் தணிகாசலம். பிறந்த நாடு இந்தியா. வந்து இரண்டு வருஷம். தொழில் நெசவு.

"இல்லை, சித்திர ஆசிரியர்" என்றேன்.

அவள் காகிதத்தைத் திருப்பி என் பக்கம் காட்டினாள். அழகான கையெழுத்தில் நெசவு என்றுதான் இருந்தது. "மாற்ற வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வேண்டும். மாற்ற வேண்டுமா?" என்று கேட்டாள். எனக்குப் பின்னால் பதினைந்து பேர் மழைக்கோட்டோடு வரிசையில் நின்றார்கள். "பரவாயில்லை" என்றேன். முத்திரை விழுந்தது.

தொழில் என்ன என்கிற இதே கேள்வியைத் திருத்தணி தாலூகா ஆபீசில், கப்பலுக்குக் காகிதம் வாங்கப் போனபோது கேட்டார்கள். அன்று என் கூட வந்தவர் பாவா, அதாவது என் அக்காளின் புருஷர். திருத்தணி கடைத்தெருவில் ஜவுளிக்கடையில் வேலை. குமாஸ்தா பேனாவைத் தொட்டுக்கொண்டு கேட்டார்.

"தகப்பன் தொழில்?"

"நெசவுங்க."

"உன் தொழில்?"

"சித்திர உபாத்தியாயருங்க."

"இன்னாது?"

"படம் வரையக் கத்துக் குடுக்கிறதுங்க."

அவர் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். "யோவ், இங்க பாருய்யா. சீமையில படம் போடத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்லியாம். பொதட்டூர்பேட்டையிலேர்ந்து இட்டுகினு போறாங்களாம். ஏம்பா, நெசவுன்னே போட்டுடறேன், வேல சுலுவு."

பாவா மேஜை மேல் கையை ஊன்றினார். "வாணாம் சார். அத மட்டும் எழுதிடாதீங்க."

"ஏன்யா, கௌரவக் கொறச்சலா?"

"எங்க மாமனாரு இவனத் தறிப் பக்கமே வுடல சார். அந்த மனுசனுக்காவ எழுதுங்க."

குமாஸ்தா எழுதினார். பாவா அந்தக் காகிதத்தை இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார். ரேஷன் ஆபீஸ் வாசலில் நேற்று எனக்கு அந்தக் கைதான் கண்ணில் நின்றது. மேஜை மேல் ஊன்றின கை.

2

எங்கள் பேட்டையில் வீட்டுக்கு வீடு தறி. தகப்பனாரை நைனா என்போம்; அவர் குழித்தறியில் உட்கார்ந்தால் மார்புக்கு மேலேதான் தரைக்கு மேலே தெரியும். சின்ன வயதில் நைனாவுக்குக் காலே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

ஒரு நாள் அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் குழியில் இறங்கி, இழை ஓட்டும் நாடாக் கட்டையை இரண்டு ஓட்டு ஓட்டினேன். சோற்றுக் கையோடு ஓடி வந்து முதுகில் வைத்தார். "இன்னொரு தபா இதுல கால வெச்ச, கால முறிச்சி அடுப்புல வெச்சிடுவேன்." அந்த வருஷம் முழுக்க என் சட்டை முதுகில் மஞ்சள் கை ஒன்று போகாமல் இருந்தது. பருப்புக் கை.

ஏழாவது முடித்ததும் தெருப் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். நூல் கொடுத்துத் துணி வாங்கும் முதலாளியும் வந்து உட்கார்ந்தார். பையனை இனித் தறியில் உட்கார வைப்பதா, திருத்தணிக்குப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதா என்பது விவகாரம். எங்கள் பக்கத்தில் இப்படி நாலு பேர் கூடிப் பேசுவதற்கு ஒரு முறை உண்டு. சம்பந்தப்பட்டவனை மூன்று தரம் கேட்பார்கள். முதல் தரம் கேட்டதும் வாயைத் திறந்து மனத்திலிருப்பதைக் கொட்டுகிறவன் மரியாதை தெரியாதவன்.

"நீ இன்னாப்பா சொல்ற?" என்றார் முதலாளி.

"நீங்க பாத்து செய்யுங்க" என்றார் நைனா.

எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். அந்தப் பதிலுக்கு யாரும் சரி என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை. நேரம் போயிற்று.

"இல்ல, உன் மனசுல இருக்கிறதச் சொல்லு."

"பெரியவங்க இருக்கிறீங்க. நான் இன்னா சொல்லப் போறேன்."

மறுபடியும் கொஞ்ச நேரம். பிறகு முதலாளி சிரித்துக்கொண்டே, "ஏம்பா, வாயில இன்னா கொழுக்கட்டையா? சொல்லேன்" என்றார்.

இது மூன்றாவது. நைனா எழுந்து நின்றார். "தறி என்னோட போவட்டும்" என்றார்.

அவ்வளவுதான். அதோடு விவகாரம் தீர்ந்தது. எங்கள் குடும்பத்தில் பெரிய பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த மூன்றாவது கேள்வியால் மிதித்தவன்.

திருத்தணியில் படித்த நாட்களில்தான் வரையப் பழகினேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மலைப்படியில் உட்கார்ந்து, மொட்டையடித்துச் சந்தனம் பூசின தலைகளைக் கரியால் வரைந்து தள்ளுவேன். பிறகு சென்னையில் சித்திரப் பள்ளி. அங்கே சுண்ணாம்பில் வார்த்த ஒரு கையை நாற்பது தடவை வரைய வைத்தார்கள். நாற்பதாவது தடவைதான் அது கையாக வந்தது. யுத்த காலத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் என் மொட்டைத் தலைப் படங்களைப் பார்த்துவிட்டு, தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்த பிறகு, பதில் வந்தது.

3

இந்தப் பள்ளிக்கூடம் குவேக்கர் என்கிற கிறிஸ்தவப் பிரிவாருடையது. சர்க்காருடையது அல்ல, சின்னது. எழுபது பிள்ளைகள், ஒரு பெரிய வீடு, ஆப்பிள் தோட்டம். குவேக்கர்களுக்குப் பாதிரி கிடையாது, பாட்டு கிடையாது. வட்டமாக உட்கார்ந்து சும்மா இருப்பார்கள். யாருக்காவது உள்ளே ஏதாவது தோன்றினால் எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் யாரையும் சார் என்று சொல்லக்கூடாது. தலைமை ஆசிரியர் ரிச்சர்டை எட்டு வயதுப் பெண் ரிச்சர்ட் என்றுதான் கூப்பிடுவாள். நான் முதல் மாதம் அவரை சார் என்று சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரித்தார்கள். என்னை டானி என்றார்கள். மலையின் பெயரை வைத்து நைனா இட்ட பெயர் இரண்டு எழுத்தில் முடிந்தது.

நல்லவர்கள். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். கெட்டவர்களாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

முதல் நாள் சாப்பாட்டில் உருளைக்கிழங்கு வந்தது. "இன்னும் கொஞ்சம்?" என்றாள் பரிமாறியவள். "போதும்" என்றேன். கிண்ணம் போய்விட்டது. நான் அது திரும்பி வருமென்று கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேஜையின் அந்தக் கோடி வரை போய் அங்கேயே காலியானது. மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் அரை வயிறு. ரேஷன் நாடு வேறு. எங்கள் வீட்டில் அம்மா மூன்றாவது தடவை கேட்கும்போது கரண்டி ஏற்கெனவே தட்டில் கவிழ்ந்திருக்கும். இங்கே ஒரு தரம்தான் கேட்கிறார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்; அதுதான் அவர்கள் மரியாதை.

வயிற்று விஷயத்தில் இதைக் கற்றுக்கொண்டேன். மற்ற விஷயத்திலும் இப்படித்தான் என்று கற்றுக்கொள்ளத் தவறினேன்.

4

ஆப்பிள் தோட்டத்தைப் பார்த்த மாடி அறை எனக்குக் கொடுத்த சித்திர அறை. போன உடனே ஒரு மரப்பெட்டியையும் மண் குடத்தையும் மேஜையில் வைத்து, பார்த்து வரையச் சொன்னேன். அடுத்த நாள் ரிச்சர்ட் வந்து, பிள்ளைகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"குழந்தைக்குள்ளே இருப்பது வெளியே வர வழி விட வேண்டும், டானி. நாம் உள்ளே எதையும் திணிக்கக்கூடாது."

இந்த ஊரில் இப்போது இதுதான் சித்திரக் கல்வி. பெரிய தாளையும் தடித்த தூரிகையையும் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கி நிற்க வேண்டும். பிள்ளை அப்பினதெல்லாம் படம். தப்பு என்ற சொல் கிடையாது. நான் இதைப் பற்றி ரொம்ப யோசித்தேன். வீடு நிறையப் புத்தகமும் சுவர் நிறையப் படமும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு உள்ளே ஏதோ இருக்கும், வெளியே விடலாம். ஒன்றும் தராத இடத்திலிருந்து வந்தவனிடம் உள்ளே இருப்பதை விடு என்றால் எதை விடுவான்? எனக்கு அந்தச் சுண்ணாம்புக் கையை யாரோ நாற்பது தடவை திணித்தார்கள். திணித்திருக்காவிட்டால் நான் இன்னும் மொட்டைத் தலையை உருண்டையாகத்தான் வரைந்துகொண்டிருப்பேன்.

எனக்குக் கட்சியாக ஒரே ஒரு ஆள் சேர்ந்தாள். ஜோன் என்று பதின்மூன்று வயதுப் பெண். ஒரு நாள் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்று, "நான் வரைகிற ரோடு சுவர் மாதிரி நிற்கிறது. அதைப் படுக்க வைக்க ஒரு வழி இருக்கிறதா, இல்லை மனத்திலிருந்து வர வேண்டுமா?" என்று கேட்டாள்.

"வழி இருக்கிறது" என்றேன். திருத்தணி ஸ்டேஷன் தண்டவாளத்தை வரைந்து காட்டினேன். இரண்டு இரும்பும் அரக்கோணம் பக்கம் போய்ப் போய் ஒரு புள்ளியில் சேர்வதையும், கம்பங்கள் அதே புள்ளியைப் பார்த்துக் குள்ளமாவதையும் அளவுகோல் வைத்துப் போட்டேன். அவள் பெருமூச்சு விட்டாள். "இதை ஏன் யாரும் இதுவரை சொல்லவில்லை?"

அதிலிருந்து ஐந்தாறு பேர் சேர்ந்தார்கள். ஒரு வருஷம் நடத்தினேன். நைனாவுக்கு எழுதினேன், வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்றுக்கொடுக்கிறேன் என்று. பாவாவின் பதில் வந்தது: "மாமா போஸ்டாபீசு, முருகன் கோயில், முதலாளி வீடு எல்லா எடத்துலயும் சொல்லிகினு இருக்கிறாரு. தாங்கல."

5

தோட்டத்துக் கோடியில் ஒரு கொட்டகை. அங்கே எடித் என்ற அறுபது வயது அம்மாள் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு தறிகள், குழி இல்லாத, நாற்காலிபோல் உட்கார்ந்து நெய்கிற தறிகள். நான் அந்தப் பக்கம் போவதே இல்லை. போன குளிர்காலத்தில் ஒரு நாள் கரி வாங்கிவர அந்த வழியாகப் போனபோது, உள்ளே எடித் அழுகிற மாதிரி குரல் கேட்டது. தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு இழைகள் ஒரு கொத்தாக அறுந்து கிடந்தன. கீல்வாதம் வந்த விரலால் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள், போட்டது நழுவிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பிள்ளைகள். ஜோனும் இருந்தாள்.

நான் பேசாமல் போயிருக்க வேண்டும். போகவில்லை. இரக்கம் மட்டும் என்று சொன்னால் பொய். ஒரு வருஷமாக என் கைக்குத் தெரிந்தது எதையும் இந்த ஊரில் யாரும் வாயைப் பிளந்து பார்த்ததில்லை. குனிந்தேன். இழையை நாக்கில் தொட்டு, கட்டைவிரலில் ஒரு உருட்டு, ஒரு இழுப்பு. அடுத்தது. அடுத்தது. எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. நைனாவின் கையைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றவன், அவ்வளவுதான். முப்பது இழை இருக்கும். நிமிர்ந்தபோது கொட்டகையே கை தட்டியது.

"நீ இதை எங்களிடம் ஏன் மறைத்தாய்?" என்றாள் எடித், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சாயங்காலத்துக்குள் ரிச்சர்டுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு இந்தியா என்றால் இராட்டையும் கதரும்தான். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். முதல் நாள் என் படங்களை அவர் இப்படிப் பார்க்கவில்லை.

6

குவேக்கர்கள் ஓட்டுப் போட்டு எதையும் தீர்மானிப்பதில்லை. கூடி உட்கார்ந்து, பேசினவர் பேசி, மீதி நேரம் மௌனமாக இருந்து, எல்லோர் மனமும் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அங்கேயே தீர்மானத்தை எழுதி வாசிப்பார்கள். ஒருவர் எழுந்து எனக்கு மனம் ஒப்பவில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். ஒரே ஒருவர் போதும். இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். கோழி வளர்ப்பதை ஒரு பத்து வயதுப் பையன் நிறுத்தினான்.

அன்று கூட்டத்தில் ஆசிரியர்களும் பெரிய பிள்ளைகளும் இருந்தார்கள். எடித்துக்கு விரல் போய்விட்டது, ஓய்வு வேண்டும் என்றார் ரிச்சர்ட். டானியின் கையில் ஒரு செல்வம் இருக்கிறது, அதை வீணாக்குகிறோம் என்றார். நெசவுக் கொட்டகையை டானி ஏற்றுக்கொண்டால், மாடி அறையில் பிள்ளைகள் தாமாகவே வண்ணம் தீட்டிக்கொள்ளட்டும். அதற்கு ஆசிரியர் தேவையில்லையே என்றார்.

ஜோன் எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. "எனக்கு டானியின் வகுப்பு வேண்டும். அங்கே மட்டும்தான் தப்பு எது என்று சொல்கிறார்கள்" என்றாள். மனம் ஒப்பவில்லை என்ற சொல்லை எனக்கு விட்டுவைத்தவள்போல, உட்காரும்போது என்னைப் பார்த்தாள்.

ரிச்சர்டும் என்னைப் பார்த்தார். "டானி, நீ என்ன சொல்கிறாய்?"

எனக்குத் தொண்டை வரை வந்தது, நைனாவின் சொல். தறி என்னோட போவட்டும். ஆனால் பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், விவகாரம் என்னுடையது, இது முதல் தரம். என் வாய் தானாகவே சொல்லிற்று, இங்கிலீஷில்:

"நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்."

சொல்லிவிட்டு, இரண்டாவது கேள்விக்காகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே ஆப்பிள் கிளை ஜன்னலை உரசிக்கொண்டிருந்தது. வெற்றிலை போடும் நேரம் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் கேட்கவில்லை. யோசிக்கிறார் போலும் என்று நினைத்தேன். பிறகு பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம் கேட்டது. ரிச்சர்ட் வாசித்தார். டானி மனமுவந்து ஏற்றுக்கொண்டதை நன்றியோடு குறிக்கிறோம் என்று அதில் இருந்தது. "இது சரியா?" என்றார். இவர்கள் ஆமாம் என்று சொல்வதில்லை. "அப்படியே நம்புகிறேன்" என்பார்கள். அறை முழுக்க, தாழ்ந்த குரலில், நம்புகிறேன், நம்புகிறேன் என்றது. பக்கத்திலிருந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூட்டம் முடிந்தது.

படிக்கட்டில் ஜோன் என்னை மறித்தாள். "ஏன் பேசவில்லை?"

எங்கள் ஊரில் மூன்று தரம் கேட்பார்கள் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அவர் நிஜமாகத்தான் கேட்டார், டானி. நிஜமாகக் கேட்டால் ஒரு தரம் போதாதா?"



7

அடுத்த கூட்டத்தில் எழுந்து பேசினேன். யாரும் கேட்காமல், முதல் தரத்திலேயே, மரியாதை கெட்டவனாக. என் தகப்பனார் என்னைத் தறியிலிருந்து எப்படிக் காப்பாற்றினார் என்று சொன்னேன். ஒன்றிரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "டானியின் மனம் திறந்த சொற்களை நன்றியோடு குறிக்கிறோம்" என்று எழுதி வாசித்தார்கள். எல்லோரும் வந்து கை கொடுத்தார்கள். பழைய தீர்மானம் அப்படியே நின்றது; எடித் ஊருக்குப் போய்விட்டிருந்தாள். திங்கட்கிழமை வழக்கம்போல் கொட்டகையைத் திறந்தேன்.

இப்போது ஜோன் வாரம் இரண்டு நாள் தறிக்கு வருகிறாள். சிவப்பும் கறுப்புமாக ஒரு கழுத்துப் பட்டி நெய்கிறாள். மாடி அறையில் எல்லோரையும் போலத் தடித்த தூரிகையால் அப்பப் பழகிவிட்டாள். ரோடு படுக்கிறதா என்று இப்போது கேட்பதில்லை. "டானி, நூல் அறுந்துவிட்டது" என்று கூப்பிடுகிறாள். போய் முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறேன்.

பள்ளிக்கூடத்துப் பத்திரிகையில் என் போட்டோ வந்திருக்கிறது. தறியில் நான், சுற்றிலும் பிள்ளைகள். கீழே, தன் முன்னோர் கலையைக் கற்பிக்கும் இந்திய நண்பர் என்று போட்டிருக்கிறார்கள்.

போன மாதம் பாவாவின் கையெழுத்தில் நைனாவின் கடிதம் வந்தது. "நைனா சொல்றத அப்பிடியே எழுதறேன்" என்று ஆரம்பம். "பசங்களுக்குச் சித்திரம் சொல்லிக் குடுக்கிற மாதிரி ஒரு போட்டோ புடிச்சி அனுப்புப்பா. முதலாளி நம்ப மாட்டன்றான். நீ எளச்சிப் பூட்ட மாதிரி கனா வந்துச்சி. சோறு பத்துதா? புடிக்கலன்னா வந்துடு."

அன்றே பதில் போட்டேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, வரவில்லை, போட்டோ பிறகு அனுப்புகிறேன் என்று. அதற்கு இதுவரை பதில் இல்லை. சீமைக்குப் போய்த் துரையாகிவிட்ட பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்பது சரியில்லை என்று இருக்கிறாரோ என்னவோ.

ஜவுளிக்கடைக்கு இந்தத் தமிழ்ப் பத்திரிகை வரும், பாவா ஒரு வரி விடாமல் படிப்பார் என்பது தெரிந்துதான் இதை இங்கே எழுதுகிறேன். பாவா, கடையைப் பூட்டிவிட்டு ஒரு நாள் பேட்டைக்குப் போய் இதை நைனாவுக்குப் படித்துக் காட்டுங்கள். தறி என்று வருகிற இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எல்லாவற்றையும் படியுங்கள். அவர் எழுந்து குழியில் இறங்கிவிடுவார். கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். பிறகு இதை மட்டும் சொல்லுங்கள்.

வந்துடு என்று அவர் கேட்டது ஒரு தரம். நான் எழுதினது முதல் தரத்துக்கான பதில்.